மாமா அனுப்பிய ஆறு வாக்கியங்கள்

ஹட்டன்
03.03.2002

அன்புள்ள நல்லமுத்து மாமாவுக்கு,

நிலக்ஷி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் பனியில் மூக்கடைப்பு. அங்கே உங்களுக்கு உடம்பு எப்படி? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் நீங்கள் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மாமனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பியா பாப்பா?" என்று நீங்கள் கேட்டதும் அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேயிலை ஸ்டோரில் பதினெட்டு வருஷம் இலை அரைத்தவர், ஸ்டோரை மேற்பார்க்கும் உதவி டீ மேக்கர் ஆவதற்குத் தோட்டத்துப் பெரியதொரை முன்னால் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும், அவ்வளவுதானே? இன்டர்வியூ ஆகஸ்ட்டில். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நானும் டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறேன். இருவரும் சேர்ந்தே படிப்போம்.

பாடம் ஒன்று. "தொரை நாயைப் பார்த்தார்" என்றாலும் "நாயைத் தொரை பார்த்தார்" என்றாலும் தமிழில் பார்த்தது தொரைதான். நாய்க்குப் பின்னால் வரும் அந்த 'ஐ', கழுத்தில் கட்டிய மணி மாதிரி. எங்கே ஓடினாலும் அது நாய் என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் மணி கிடையாது, இடம்தான். முதலில் நிற்பவர் செய்கிறவர், அடுத்து செயல், அதற்கு அடுத்துத்தான் மற்றது. இடத்தை மாற்றினால் நாய் தொரையைப் பார்த்துவிடும்!

உங்கள் ஸ்டோரையே நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் கொழுந்து எடுப்பவர்கள் எந்தச் செடியில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஸ்டோருக்குள் இலை வந்துவிட்டால் வாட்டாமல் அரைக்க முடியுமா? அரைக்காமல் காயவைக்க முடியுமா? தமிழ் மலை, இங்கிலீஷ் ஸ்டோர்.

உங்களுக்கு வாசிக்கச் சுலபமாக இருக்கத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். "ஐ ட்ரிங்க் டீ." நான், குடிக்கிறேன், தேநீர். இதே மாதிரி ஐந்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள். உடனே அனுப்புங்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும்.

அத்தைக்கு என் அன்பு. பனியில் தலைக்குத் துண்டு கட்டாமல் வேலைக்குப் போக வேண்டாம்.

உங்கள் மருமகள்,
நிலக்ஷி


ஆனைக்கல் தோட்டம்
பொகவந்தலாவை
20.03.2002

நிலாப் பாப்பாவுக்கு மாமன் எழுதிக்கிறது.

சாமி புண்ணியத்துல நானும் அத்தையும் நல்லா இருக்கோம். அத்தை முழங்காலுக்கு டிஸ்பென்சரியில ஒரு தைலம் குடுத்தாங்க. அது நாத்தம் தாங்காம வலியே ஓடிருச்சுன்னு சொல்றா. அக்கா மூக்கடைப்புக்குக் கொத்தமல்லி போட்டுக் குடிக்கச் சொல்லு.

உன் கடுதாசி வந்து ஒம்பது நாளு தோட்டத்து ஆபீசுலயே கெடந்திருக்கு. லயத்து வரிசை வீட்டுக்குன்னு தனி விலாசம் இல்ல பாரு, கிளாக்கர் ஐயாவுக்கு ஞாபகம் வந்தாத்தான் காகிதம் கைக்கு வரும். அதனால பதில் சுணங்கினா மாமன் மறந்துட்டேன்னு நெனைக்காத.

வாக்கியம் அஞ்சு கீழ இருக்கு.
ஐ டீ ட்ரிங்க். (அடிச்சிட்டேன்) ஐ ட்ரிங்க் டீ.
ஐ சீ தொரை.
ஐ கோ ஸ்டோர்.
அத்தை குக் ரைஸ்.
பொன்னையா லாஃப் மீ.

கடைசி வாக்கியம் நெசமாவே நடந்தது. பொன்னையா இலை அரைக்கிற ரோல் ரூம்புல எங்கூட வேலை செய்யிறவன். மெசின் பக்கத்துல நின்னு நான் வாய்க்குள்ள சொல்லிப் பாக்கிறத அவன் கண்டுட்டான்.

"என்னடா முத்து, மெசினுக்கு மந்திரம் ஓதுறியா?"

"இங்கிலீசுடா."

"அப்பிடிப் போடு! இனி பங்களா வாசல்ல நின்னு நான் சலாம் போடணும். எடம் தருவியா, நாய அவுத்து விடுவியா?"

சொல்லிட்டு அவனும் பக்கத்துல நின்னு கேட்டான். ஒரு வாக்கியம் படிச்சிக்கிட்டான், "ஐ வாண்ட் டீ." வீட்டுல போயி பொஞ்சாதி லெட்சுமிகிட்டச் சொல்லியிருக்கான். அது, "அந்தா அடுப்பு, போட்டுக் குடி"ன்னுருச்சாம். பாடம் சரியில்லன்னு உங்கிட்ட முறைப்பாடு குடுக்கச் சொன்னான்.

பாப்பா, எனக்கு இந்த வேலை கெடைச்சா லயத்த விட்டு ஸ்டோர் குவாட்டர்ஸுக்குப் போயிரலாம். உள்ளுக்கே தண்ணிக் குழாய் இருக்கு. அத்தை குடத்தோட ஏறி எறங்க வேண்டாம். மத்தபடி தொரையாக எனக்கு ஆசை இல்ல.

எல்லாருக்கும் எங்க அன்பு. ஒடம்பப் பாத்துக்க, கண்ண ரொம்பக் கெடுத்துக்காத.

மாமன்
நல்லமுத்து


ஹட்டன்
07.04.2002

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் மூக்கு கொத்தமல்லிக்குப் பணிந்துவிட்டது. உங்களுக்கும் அத்தைக்கும் சுகம்தானே?

ஐந்தில் இரண்டு சரி! "ஐ கோ டு த ஸ்டோர்" என்று இருக்க வேண்டும், "அத்தை குக்ஸ் ரைஸ்" என்று இருக்க வேண்டும், "பொன்னையா லாஃப்ஸ் அட் மீ" என்று இருக்க வேண்டும். ஆனால் வரிசை ஒன்றும் பிழையில்லை. நீங்களே அடித்துத் திருத்தினீர்களே, அதைப் பார்த்து நான் எழுந்து ஒரு சுற்று நடந்தேன்.

பொன்னையா மாமாவின் முறைப்பாட்டுக்கு மருந்து இருக்கிறது. அதுதான் பாடம் இரண்டு, கேள்வி. கேட்கும்போது வரிசை கொஞ்சம் மாறும், செயலுக்கு உதவும் சொல் முன்னால் ஓடி வந்து நிற்கும். "கேன் ஐ ஹாவ் டீ, பிளீஸ்?" கடைசியில் அந்த 'பிளீஸ்' மிக முக்கியம் என்று லெட்சுமி அத்தை சார்பில் சொல்கிறேன்.

என் இங்கிலீஷ் கட்டுரையைக் குணபூசணி டீச்சர் எல்லோர் முன்னாலும் வாசித்தார். அவர் யாழ்ப்பாணத்தவர்; பாராட்டினாலும் திட்டுகிற மாதிரிதான் இருக்கும். "பிள்ளை, வசனம் எல்லாம் நேராய் நிக்குது. ஆனா உமக்குப் பெரிய சொல்லுகளிலை ஒரு ஆசை. அகராதியைத் திறந்து மினுக்கிறதை எடுத்துப் பூட்டுறீர். சின்னச் சொல்லுக் காணும்" என்றார். சின்னச் சொல்லே போதுமாம். முழு வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் மாமா, பெரிய சொற்கள் எவ்வளவு அழகு!

ஐந்து கேள்விகள் எழுதி அனுப்புங்கள். சித்திரை வருஷப் பிறப்புக்கு வருவீர்கள்தானே? வந்தால் நேரிலேயே கேட்பேன், தப்ப முடியாது.

அத்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்,
நிலக்ஷி


ஹட்டன்
10.05.2002

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

வருஷப் பிறப்புக்கு நீங்கள் வரவில்லை. இலை கூடிய மாதம், லீவு கிடைத்திருக்காது என்று அம்மா சமாதானம் சொன்னார். ஆனால் கடிதமும் இல்லை. முப்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது. பொகவந்தலாவை பஸ் வரும் நேரமெல்லாம் நான் வாசலுக்குப் போகிறேன். பஸ்ஸில் கடிதம் வராது என்று தெரிந்தும் போகிறேன். என் கடிதம் ஆபீஸிலேயே கிடக்கிறதா? பாடம் கடினமா? கேள்வி வாக்கியம் வரவில்லை என்றால் விட்டுவிடலாம் மாமா. பதில் சொல்லத் தெரிந்தால் போதும், கேட்பது தொரையின் வேலை.

ஒரு வரியாவது எழுதுங்கள். அத்தைக்கும் பொன்னையா மாமாவுக்கும் என் அன்பு.

நிலக்ஷி


ஆனைக்கல் தோட்டம்
19.05.2002

நிலாப் பாப்பாவுக்கு,

நானும் அத்தையும் இருக்கோம். அங்க எல்லாரும் சுகம்னு நெனைக்கிறேன்.

உன் ரெண்டு கடுதாசியும் கெடைச்சது. எழுத நேரம் வரல. இலை மலையா வந்து குவியுது.

ஒரு உதவி. இன்டர்வியூவுல ஸ்டோர் வேலையப் பத்தி எழுதச் சொல்லுவாங்களாம். அதுக்குப் பழக ஆறு வாக்கியம் தமிழ்ல எழுதியிருக்கேன். நீ இத இங்கிலீஷ் எழுத்துல, நல்ல இங்கிலீஷா எழுதி அனுப்பு. பிழை ஒண்ணும் இருக்கக் கூடாது. தபால்ல கெடந்து சுணங்கும். நம்ம லயத்துப் பையன் சுமன்தான் இப்ப பொகவந்தலாவை பஸ்ல கண்டக்டர். அவன்கிட்டயே குடுத்தனுப்பு.

1. அன்று பகல் நான் ரோல் ரூமில் வேலையில் இருந்தேன்.
2. இலை மெசினின் வாயில் அடைத்துக்கொண்டது.
3. மெசின் வாயின் கம்பி மூடி மூன்று நாளாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.
4. இலை வேகமாகப் போக வேண்டும் என்று டீ மேக்கர் ஐயா அப்படிச் சொன்னார்.
5. தொழிலாளி அவசரத்தில் கையை உள்ளே விட்டான்.
6. நான் மெசினை நிறுத்தினேன்.

மூணையும் நாலையும் அடிச்சிருக்கேன் பாரு. அது வேணாம். நீளமா இருக்கு.

அக்காவக் கேட்டதாச் சொல்லு.

நல்லமுத்து


ஹட்டன்
24.05.2002

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எழுதிவிட்டீர்கள், அதனால் நான் மிகவும் சுகம்.

நேற்று மாலையே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். எத்தனை நல்ல பயிற்சி மாமா! வெறும் சோறும் தேநீரும் இல்லை, உண்மையில் நடந்த மாதிரியே இருக்கிறது. நீங்களே இட்டுக்கட்டியதா? இங்கிலீஷ் எழுத்தில் தனித் தாளில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் வாசித்துப் பழக இங்கே தமிழ் எழுத்தில்:

"ஐ வாஸ் அட் வர்க் இன் த ரோல் ரூம் தட் ஆஃப்டர்நூன். த லீஃப் பிளாக்ட் த மவுத் ஆஃப் த மெஷின். த வர்க்கர் கேர்லெஸ்லி புட் ஹிஸ் ஹேண்ட் இன்சைட். ஐ ஸ்டாப்ட் த மெஷின்."

ஒவ்வொன்றிலும் செய்கிறவர் முன்னால், செயல் நடுவில். பார்த்தீர்களா, கட்டை போட்டு அளந்த மாதிரி! "அவசரத்தில்" என்பதற்கு முதலில் "இன் எ ஹரி" என்று எழுதினேன். சின்னப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி இருந்தது. அகராதியில் தேடி "கேர்லெஸ்லி" போட்டேன். கவனமில்லாமல் என்று அர்த்தம். அவசரப்படுகிறவனுக்குக் கவனம் இருக்காதுதானே? கம்பெனிக்காரர்கள் வாசித்தால் அசந்துபோவார்கள்.

அடித்த இரண்டு வாக்கியத்தையும் விட மனம் வரவில்லை. தாளின் பின்பக்கம் அவற்றையும் எழுதியிருக்கிறேன். எனக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை. அந்த மூன்றாம் வாக்கியத்தில் மட்டும் ஒரு சந்தேகம். மூடியைக் கழற்றியது யார் என்று இல்லையே? தெரியாவிட்டால் பரவாயில்லை, அதற்கும் இங்கிலீஷில் ஒரு வழி இருக்கிறது.

இன்னொன்று. அந்தத் தொழிலாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று? கதை பாதியில் நிற்கிறது. மீதியையும் அனுப்புங்கள், அதையும் எழுதித் தருகிறேன்.

பொன்னையா மாமாவுக்குத் தேநீர் கிடைத்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். அத்தை முழங்காலைக் குளிரில் மூடி வைத்துக்கொள்ளட்டும்.

நிலக்ஷி


ஆனைக்கல் தோட்டம்
16.06.2002

நிலாப் பாப்பாவுக்கு,

சுகம். அங்கயும் சுகமா இருக்க சாமி துணை.

நீ எழுதினது ரொம்ப நல்லா இருந்துச்சாம். டீ மேக்கர் ஐயா பாத்துட்டு, "நல்லமுத்து, நீயா எழுதின?"ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். ஆகஸ்டு ரெண்டாந்தேதி இன்டர்வியூ. பயப்படாதன்னு அவரே சொன்னாரு.

பொன்னையா லீவுல இருக்கான்.

இனிப் பாடம் அனுப்ப வேணாம் பாப்பா. உனக்குப் பரீட்சை இருக்கு. இதுவே எனக்குப் போதும். சுமன்கிட்டத் தேயிலை ஒரு பக்கெட்டு குடுத்தனுப்பியிருக்கேன், நல்ல தூளு. அக்காகிட்டக் குடு.

ஒடம்பப் பாத்துக்க.

மாமன்


ஹட்டன்
14.07.2002

மாமாவுக்கு,

நாங்கள் சுகம். அத்தை எப்படி இருக்கிறார்? அம்மா கேட்கச் சொன்னார். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

நேற்று சனிக்கிழமை. டியூஷன் முடிந்து ஹட்டன் பஸ் நிலையத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். ஓர் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏ கண்ணு, நீ முத்தண்ணனோட அக்கா மகதானே? கல்யாண வீட்டுல பாத்திருக்கேன். நான் லெட்சுமி. பொன்னையா வீட்டுக்காரி."

பக்கத்துக் கட்டையில் பொன்னையா மாமா உட்கார்ந்திருந்தார். சாரத்துக்கு மேல் பழைய கோட்டு. வலது கை மடியில் கிடந்தது, வெள்ளைத் துணி சுற்றி. துணியின் ஓரத்தில் சுண்டுவிரல் ஒன்றுதான் தெரிந்தது. மற்ற நாலு விரலும் இருக்க வேண்டிய இடத்தில் துணி தட்டையாக இருந்தது.

லெட்சுமி அத்தை பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். தோட்டத்திலிருந்து வந்ததாம். அதைக் காட்டத்தான் தொழிற்சங்கக் காரியாலயத்துக்குப் போகிறார்களாம். "படிக்கிற புள்ளதானே, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு. அங்க போயி பேயறைஞ்ச மாதிரி நிக்க வேணாம் பாரு."

"அட, தொரை மருமகளா!" என்று பொன்னையா மாமா சிரித்தார். "படி தாயி. முத்து எழுதிக் குடுத்ததாம். அவன்தான் கிட்டக்க நின்னு பாத்தவன். அவன் எழுதினா சரியாத்தான் இருக்கும்."

தட்டச்சில் அடித்திருந்தது மாமா. முதல் வாக்கியம். இரண்டாம் வாக்கியம். 'தொழிலாளி' என்ற இடத்தில் மட்டும் அவர் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த சொல் "கேர்லெஸ்லி". அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. அதற்கும் கீழே தோட்டத்தின் கடிதம். பிழை அவருடையது, ரோல் ரூமில் இனி வேலை இல்லை, நட்டஈட்டுக்கு இடமில்லை என்று.

ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் நேராக நின்றது. நான் நிற்க வைத்த இடம்.

அவர்கள் இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன், "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது மாமா."

வாழ்க்கையில் முதல் தடவை அப்படிச் சொன்னேன்.

"ஹட்டன்ல பெரிய பள்ளிக்கூடம்னாங்க. அதுவும் நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடம் மாதிரிதான் போல" என்றார் லெட்சுமி அத்தை. "வுடு லெட்சுமி, புள்ள மொகத்தப் பாரு, பயந்துபோச்சு" என்று பொன்னையா மாமா எழுந்தார். எழும்போது பழக்கத்தில் வலது கையை ஊன்றப் போய், சட்டென்று எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் எட்டாம் தேதி ஹட்டன் அரசாங்கத் தொழில் கந்தோரில் விசாரணை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாமா, நான் கேட்டேனே, அந்தத் தொழிலாளிக்கு என்ன ஆயிற்று என்று. நீங்கள் தேயிலை அனுப்பினீர்கள்.

"கேர்லெஸ்லி" நான் போட்டது. நீங்கள் அவசரம் என்றுதான் எழுதியிருந்தீர்கள். அது என் பிழை, அதை நான் யாரிடமும் சொல்லத் தயார். ஆனால் மூடி இல்லாத மெசினைப் பற்றிச் சொல்ல வேண்டியது நீங்கள். நேற்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகம் திறந்தால் எழுத்து தெரிகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் தேதி போய்ச் சொல்வீர்களா? ஆம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன்.

நிலக்ஷி


ஹட்டன்
29.07.2002

மாமாவுக்கு,

சுகம். உங்கள் சுகம் தெரியவில்லை.

பதினைந்து நாள் ஆகிவிட்டது. என் கடிதம் ஆபீஸ் மேசையில் கிடக்கிறதா, கிளாக்கர் ஐயா பிரித்துவிட்டாரா, இல்லை உங்கள் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் இதைச் சுமன் அண்ணனிடம் கொடுத்து, உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதற்குள் இருப்பது நீங்கள் மே மாதம் எழுதிய தாள். ஆறு வாக்கியமும் இருக்கிறது. அடித்த இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம். உங்கள் எழுத்து, உங்கள் தேதி.

இதைச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மூன்று தடவை புறப்பட்டேன். ஒரு தடவை படி வரைக்கும் ஏறினேன். கொடுத்தால் பொன்னையா மாமாவுக்கு நியாயம் கிடைக்கும், உங்களுக்கு வேலை போகும், அம்மா என்னோடு பேச மாட்டார். அதற்கெல்லாம் பயந்து நான் திரும்பவில்லை. நான் கொடுத்தால் அது நான் சொன்னதாகிவிடும். பார்த்தது நீங்கள்.

நகல் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உங்களுக்கு இதை அனுப்பியதற்கு அர்த்தம் இல்லை. இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் உங்களிடம்தான்.

இன்டர்வியூவில் கேள்வி கேட்கும்போது பதறாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள். அத்தைக்கு என் அன்பு.

நிலக்ஷி


ஆனைக்கல் தோட்டம்
11.08.2002

நிலாப் பாப்பாவுக்கு மாமன் எழுதிக்கிறது.

நாங்க ரெண்டு பேரும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். நீயும் அக்காவும் மச்சானும் சுகமா இருக்கணும்.

உன் முதல் கடுதாசி அஞ்சாம் நாளே கெடைச்சது. பதில் எழுதல, எழுத வரல. ரெண்டாவதையும் சுமன் கையில குடுத்தான். அந்தத் தாள அன்னைக்குச் சாயந்தரமே அடுப்புல போட்டுட்டேன். அத்தை போடச் சொல்லல. நாந்தான் போட்டேன். மூணு நாள் கழிச்சு இன்டர்வியூ. நல்லாத்தான் பேசினேன். நீ சொல்லிக் குடுத்த வரிசை ஒண்ணும் தப்பல. பெரியதொரை "வெரி குட்"ன்னாரு. விசாரணை முடியட்டும், காகிதம் வரும்னாரு.

இப்ப எல்லாத்தையும் எழுதுறேன்.

ஏப்ரல் மாசம் இலை தாங்க முடியாம வந்துச்சு. கம்பி மூடி இருந்தா இலை மெதுவாத்தான் எறங்கும். கழட்டுன்னு டீ மேக்கர் ஐயா சொன்னாரு. கழட்டினது நான். ஸ்பேனர் எடுத்து, நாலு நட்டையும் கழட்டி, மூடியத் தூக்கிச் சொவத்துல சாத்தி வச்சது இந்தக் கைதான். நீ கேட்ட பாரு, யாரு கழட்டினதுன்னு. அத நான் அந்த ஆறுலயும் எழுதல.

பொன்னையா கை போன பொறகு ஐயா கூப்பிட்டு, நீதான் பக்கத்துல நின்னவன், இங்கிலீசுல எழுதிக் குடு, இதுவும் உனக்கு ஒரு பரீட்சைன்னு வச்சிக்கன்னாரு. நான் எழுதினதத் தமிழ்ல காட்டினேன். மூணையும் நாலையும் அவரு பேனாவாலதான் அடிச்சேன். "கேர்லெஸ்லி"ய நெனைச்சு நீ அழ வேணாம். அதுல உன் தப்பும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. ஆனா கிளாக்கர் ஐயாகிட்ட அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

எட்டாந்தேதி தோட்டத்து வேன்லயே என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. விசாரிக்கிற ஐயா நல்லாத் தமிழ் பேசினாரு. முதல்ல பொன்னையாவக் கேட்டாரு. அவன் மூடி இல்லன்னான். சாட்சி யாருன்னாரு. முத்துன்னான். என் காகிதத்தக் காட்டினாங்க. அவன் பாத்துட்டு என் பக்கம் திரும்பினான். எழுதினத வாசிச்சுக் காட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னாங்க. மசிப் பெட்டிய நகத்தி, "இடது கைப் பெருவிரல்"ன்னாரு கிளாக்கு.

பாப்பா, அவன் அஞ்சாம் வகுப்பு படிச்சவன். சம்பள நாளுல கைநாட்டு வரிசையில நிக்க மாட்டான். தனியா நின்னு, பேனா வாங்கி, வால் இழுத்துக் கையெழுத்துப் போடுவான். நாங்க கிண்டல் பண்ணுவோம்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்"ன்னான். சொல்லிட்டு வலது கையத் தூக்கப் போனான். அப்புறம் அவனே எறக்கிட்டான்.

நான் எந்திரிச்சிட்டேன். கூப்பிடவே இல்ல, எந்திரிச்சிட்டேன். "அந்த மூடியக் கழட்டினது நான்"ன்னேன். ஐயா எந்தப் பாஷையில சொல்லப்போறன்னு கேட்டாரு. தமிழ்லன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். யாரு கழட்டச் சொன்னது, எத்தனை நாளு, யாரு காகிதத்த அடிக்க வச்சது, எல்லாம். அவரு எழுதினாரு, நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த தவணை செப்டம்பர்ல. டீ மேக்கர் ஐயாவ அன்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க.

வெளிய வந்தா வேன் போயிருச்சு.

பஸ் நிலையத்துல அவங்களும் நின்னாங்க. லெட்சுமி என்னப் பாத்து, "இப்பத்தான் வாய் தொறந்துச்சாக்கும்"ன்னுச்சு. பொன்னையா அத அடக்கல. கிட்ட வந்து கேட்டான். "ஏன்டா முத்து, இத மூணு மாசத்துக்கு முன்னாடி சொல்லல?"

அதுக்குள்ள பொகவந்தலாவை பஸ் வந்து நின்னுச்சு.

அதே பஸ்லதான் ஏறினோம். கூட்டம். அவன் இடது கையால கம்பியப் புடிச்சிருந்தான், நான் பின்னால. நோர்வூட் தாண்டி வளைவுக்கு வளைவு அவன் எம்மேல வந்து சாஞ்சான். தள்ளவும் இல்ல, மன்னிப்பும் கேக்கல. நானும் அசையல. பாதி வழியில ஒரு சீட்டு ரெண்டு பேருக்குக் காலியாச்சு. லெட்சுமி முன்னால எங்கயோ இருந்துச்சு. அவன் ஜன்னல் ஓரம் உக்காந்தான். பக்கத்துல எடம் இருந்துச்சு. அவன் ஒக்காருன்னு சொல்லல. நான் தோட்டம் வர வரைக்கும் அந்த எடத்துக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு வந்தேன்.

நேத்துக் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல என் பேரை ஸ்டோருக்குக் கூப்பிடல. புல்லு வெட்டப் போகச் சொன்னாங்க. போனேன்.

அக்காகிட்ட நீயே சொல்லிரு. பரீட்சைக்கு நல்லாப் படி. குளிரு தொடங்கிருச்சு, கம்பளிய எடுத்துப் போட்டுக்க.

மாமன்
நல்லமுத்து